பார்வையாளர் வரிசையில் நான்

பேஸ்பால் ஆட்டத்தின் விதிகளை நான் அறியேன். ஆயினும், அந்த ஆட்டத்தைப் பற்றிய திரைப்படம் ஒன்று சென்ற தவக்காலத்தில் என் உறக்கத்தைப் பறித்தது. பிரயன் ஹெல்கலண்ட் இயக்கி 2013-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘42’ என்னும் அமெரிக்கப் படம் அது. கல்லூரியில் பயிலும் என் மகள் தன் கணினியில் போட்டுக் காட்டினாள்.

படம் உண்மை வரலாற்றைச் சொல்கிறது. ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் அமெரிக்காவின் முதன்மைப் பேஸ்பால் அணிகளில் கறுப்பின ஆட்டக்காரர் எவருக்கும் இடமில்லை. எழுதப்படாத அந்தச் சட்டத்தை உடைக்கத் துணிந்தவர் புருக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி. மெத்தடிஸ்ட் சபையைச் சேர்ந்த ஆழ்ந்த பக்திமான். அவர் தேர்ந்தெடுத்த இளைஞர் ஜாக்கி ராபின்சன். 1944-இல் இராணுவப் பேருந்தின் பின்பகுதிக்குப் போக மறுத்து, இராணுவ நீதிமன்றத்தில் நின்று, குற்றமற்றவர் எனத் தீர்ப்புப் பெற்ற தன்மானி.

1945 ஆகஸ்டில் இருவரும் சந்தித்தனர். களத்தில் கேட்க நேரிடும் வசவுகளையெல்லாம் ரிக்கி தாமே நடித்துக் காட்டினார். நாத்திகராயிருந்து கத்தோலிக்கரான இத்தாலிய எழுத்தாளர் ஜொவான்னி பாப்பினியின் கிறிஸ்து சரித நூலை எடுத்து, மறு கன்னத்தைக் காட்டுதல் பற்றிய பகுதியை ராபின்சனிடம் கொடுத்தார். திருப்பி அடிக்காதிருக்கும் துணிவே அவர் வேண்டியது.

1947 ஏப்ரல் 15 அன்று 42 என்ற எண் பொறித்த சட்டையுடன் ராபின்சன் களமிறங்கினார். ஒரு வாரத்திற்குள் பிலடெல்பியா அணியின் மேலாளர் பென் சாப்மன் வாய்கூசும் சொற்களால் அவரை ஏசினார். படத்தில், ராபின்சனாக நடித்த சாட்விக் போஸ்மன் ஒருவரும் காணாத நடைவழியில் மட்டையை அடித்து நொறுக்கிக் கதறுகிறார். மறு கன்னத்தைக் காட்டுவது என்ன விலை கேட்கும் என்பதை அந்த அழுகையில்தான் உணர்ந்தேன். அதை அடிபடாதவர்கள் அடிபடுகிறவர்களுக்குப் போதிப்பது எத்துணை எளிது!

ஆனால் என்னை உறங்கவிடாதது வேறொரு காட்சி. சின்சினாட்டி மைதானம். தந்தையுடன் ஒரு சிறுவன் உட்கார்ந்திருக்கிறான். ராபின்சன் வெளியே வந்ததும் கூட்டம் கூச்சலிடுகிறது. தந்தையும் இழிசொல் ஒன்றைக் கத்துகிறார். சிறுவன் தந்தையின் முகத்தைப் பார்க்கிறான். ஒரு கணம் தயங்குகிறான். பிறகு அவனும் அதே சொல்லைக் கத்துகிறான். அப்போது, தென்னகத்து வெள்ளையரான பீ வீ ரீஸ் நடந்து சென்று ராபின்சனின் தோளில் கை போடுகிறார். சிறுவனின் வாய் அடைத்துப்போகிறது.

“அப்பா, அந்தப் பையன் முதலில் தன் அப்பாவைத்தானே பார்க்கிறான்?” என்றாள் மகள்.

எனக்குச் சுரீரென்றது. பத்தாண்டுகளுக்கு முன் ஒரு மாலை, நகரப் பேருந்தில் அவளோடு சென்றுகொண்டிருந்தேன். ஆப்பிரிக்க மாணவர் ஒருவர் ஏறினார். பின்னிருக்கை இளைஞர்கள் அவர் நிறத்தைச் சொல்லி ஏதோ கூவினார்கள், பேருந்தே சிரித்தது. மொழி புரியாவிட்டாலும் சிரிப்பு புரிந்திருக்க வேண்டும்; அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி நின்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை, மெல்லப் புன்னகைத்தேன். அவ்வளவுதான். அன்றிரவு செபமாலையும் சொன்னேன்.

அதை மகளிடம் சொல்லிவிடத் தீர்மானித்தேன். கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தாள். “நினைவிருக்கிறது, அப்பா. நானும் சிரித்தேன்” என்றாள்.

படம் 1947-ஆம் ஆண்டின் வெற்றியோடு நிறைவுறுகிறது. வாழ்க்கை அங்கே நிற்கவில்லை. மௌனக் கட்டுப்பாடு நீங்கியபின் ராபின்சன் வாய் திறந்து பேசினார். 1963-இல் வாஷிங்டன் பேரணியில் தம் பிள்ளைகளோடு கலந்துகொண்டார். 1972 அக்டோபரில், நீரிழிவால் பார்வை மங்கிய நிலையில் மைதானத்தில் பாராட்டுப் பெற்றபோதும், மேலாளர் பொறுப்பில் ஒரு கறுப்பினத்தவரைக் காண விழைவதாகச் சொன்னார். ஒன்பது நாட்களில் இறந்தார், வயது 53. அவர் விரும்பியது 1975-இல்தான் நிறைவேறியது. 1997-இல் 42 என்ற எண் எல்லா அணிகளிலிருந்தும் அவர் நினைவாக விலக்கி வைக்கப்பட்டது.

ரீஸ் தோளில் கை போட்டது எந்த ஆண்டில் என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், இருவரும் அவ்வாறு நிற்கும் சிலை 2005 முதல் புருக்ளினில் இருக்கிறது. ரீஸ் செய்தது வீரச் செயலன்று. சில அடிகள் நடந்தார், கையை உயர்த்தினார். அன்று பேருந்தில் எனக்கும் அந்த மாணவருக்கும் இடையே நான்கு இருக்கைகளே இருந்தன. எழுந்து, “இங்கே உட்காருங்கள், தம்பி” என்று சொல்லியிருக்கலாம். என் மகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அடிபட்டவரிடம் மறு கன்னத்தைக் கேட்ட ஆண்டவர், பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் அந்த நான்கு இருக்கைத் தொலைவைக் கேட்பார் என்று இப்போது அஞ்சுகிறேன்.