துறை மாறுதல்

ஒரு தொழிலிற் புகுந்தவர் சில ஆண்டுகளுக்குள் அதன் பிரிவொன்றை விட்டு மற்றொன்றை நாடுவாராயின், அவரை நிலையற்ற மனத்தினர் என்று இகழ்தல் உலக வழக்கு. செவிலியர் கல்வி முடித்துப் பிரசவ வார்டில் ஈராண்டு பணியாற்றிய என் தங்கை, கண் சிகிச்சைப் பிரிவுக்கு மாற விரும்பியபோது, எங்கள் இல்லத்திலும் அப்பேச்சே எழுந்தது. "இரவு பகல் பாராது கற்றதெல்லாம் விழலுக்கு இறைத்த நீரன்றோ?" என்றார் தந்தையார்.

அதற்கு விடையாக யான் டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்களின் வரலாற்றை எடுத்துரைத்தேன். எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918இல் உழவர் குடியிற் பிறந்த அவர், மதுரை அமெரிக்கன் கல்லூரியில் 1938இல் பட்டம் பெற்று, 1944இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவரானார். உறவுப் பெண்கள் மூவர் மகப்பேற்றின் இன்னலால் மாண்டமையின், பிரசவ வைத்தியராதலே அவர்தம் விருப்பம். ஆயினும் இராணுவச் சேவையின்போது பற்றிய கொடிய மூட்டுவாதம் அவரைப் படுக்கையில் வீழ்த்தி, விரல்களையும் கோணச் செய்தது. பிரசவ வைத்தியம் இனிக் கைகூடாதெனக் கண்டு, கண் மருத்துவம் பயின்றார். வளைந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகித் தம் வாழ்நாளில் 1,00,000க்கு மேற்பட்ட கண் அறுவைகள் செய்தார். 1976இல் அரசுப் பணியினின்று ஓய்வுற்றபின், மதுரையில் 11 படுக்கைகளுடன் அவர் தொடங்கியதே அரவிந்த் கண் மருத்துவமனை.

இதைக் கேட்ட தங்கை, "அண்ணா, அவரை நோய் மாற்றியது. என் கைகளோ நலமாயிருக்கின்றன. விருப்பம் ஒன்றே காரணமாக மாறலாமா?" என்றாள்.

அவ்வினா நேரியது. ஆகவே யானும் ஒன்று வினவினேன்: "பழைய பிரிவிலிருந்து புதியதற்கு எதைக் கொண்டு செல்வாய்?"

சற்றுச் சிந்தித்து அவள் கூறினாள்: "கண்புரை அறுவையில் நோயாளி பெரும்பாலும் விழித்தே கிடப்பார், முகமோ துணியால் மூடப்பட்டிருக்கும். அருகில் நிற்பவரின் குரலே அப்போது அவருக்குத் துணை. வலியால் துடிக்கும் தாய்மாரைத் தேற்றிப் பழகிய குரல் என்னிடம் உண்டு."

தந்தையார் நெடுநேரம் வாளாவிருந்து, "உன்னினும் இளையாரிடம் ஏவல் கேட்டு, அரிச்சுவடியிலிருந்து மீண்டும் கற்பாயோ?" என்றார். "கற்பேன், அப்பா" என்றாள். அவர் அதன்பின் தடை கூறவில்லை. இன்று அவள், மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்து முதியோர் கண்கட்டு அவிழ்ந்து பேரப்பிள்ளைகளின் முகம் காணும் வேளையில் உடன் நிற்கிறாள்.

மாணவ நண்பர்களே! ஒரு பிரிவின் தொல்லைக்கு அஞ்சி ஓடுதல் வேறு. கற்றதைச் சுமந்துகொண்டு, இளையோனாய் மீண்டும் கற்கும் பணிவோடு மற்றொன்றிற் புகுதல் வேறு. முன்னதை ஐயுறுக, பின்னதற்கு நாணற்க.