நூற்றுப்பத்து கிலோமீட்டர்

கொச்சியிலிருந்து துபாய் ஏறத்தாழ 2,800 கிலோமீட்டர். விமானத்தில் நான்கு மணி நேரம். மூணாறிலிருந்து கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரிக்கு 110 கிலோமீட்டர்தான். அதற்கும் நான்கு மணி நேரம் ஆகும். மழைக்காலத்தில் ஐந்துகூட ஆகும். மூணாறில் டிக்கெட் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. முதல் கணக்கு எனக்கு மனப்பாடம். இரண்டாவதை நான் மதிக்கவில்லை. அதனால் ஒரு குடும்பம் நஷ்டப்பட்டது.

எனக்குச் சொந்த ஊர் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை. வேலந்தாவளம் தாண்டினால் தமிழ்நாடு. சமவெளிச் சாலையில் ஒன்றரை மணி நேரத்தில் கோயம்புத்தூர் விமான நிலையத்துக்குப் போய்விடலாம். எத்தனை கிலோமீட்டர் என்று தெரிந்தால் எப்போது கிளம்புவது என்று சொல்லிவிடும் பழக்கம் அங்கே வந்தது. மூணாறு இருக்கும் இடுக்கியில் அது செல்லாது. இந்த மாவட்டத்தில் ரயில் பாதையே கிடையாது. வண்டிப்பெரியார் பக்கம் சத்திரத்தில் என்.சி.சி. ஓடுதளத்தில் 2022 டிசம்பரில் ஒரு சிறு விமானம் இறங்கியது. அது பயிற்சிக்கானது, பயணிகளுக்கு அல்ல. மூணாறின் சுமார் 1,500 மீட்டர் உயரத்திலிருந்து அடிமாலி, நேரியமங்கலம், கோதமங்கலம் என்று வளைந்து வளைந்து இறங்கித்தான் ஆக வேண்டும். நேரியமங்கலம் காட்டுக்குள் ஒரு மரம் சாய்ந்தால் போதும், இரு பக்கமும் வண்டிகள் நின்றுவிடும். இதெல்லாம் தெரிந்தும் அலட்சியமாக இருந்தேன்.

டாப் ஸ்டேஷன் பக்கத்து எஸ்டேட் லயத்திலிருந்து ஒரு பையன் வளைகுடா வேலைக்குப் புறப்பட்டான். காலை ஒன்பதரைக்கு விமானம். புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். ஆடி மாத மழை. "மூணாறிலிருந்து நாலரைக்குக் கிளம்பினால் போதும்" என்றேன். டாப் ஸ்டேஷனிலிருந்து மூணாறுக்கே 32 கிலோமீட்டர். அவர்கள் எத்தனை மணிக்கு லயத்தை விட்டு இறங்க வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. வழியில் மண் சரிந்து கிடந்தது. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கவுன்ட்டர் மூடியாகிவிட்டது. அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து எடுத்த டிக்கெட் வீணாய்ப் போனது.

மறுநாள் அந்தப் பையனின் அப்பா கடைக்கு வந்தார். சட்டை நனைந்திருந்தது. உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். "நீங்க சொன்ன நேரத்துக்குத்தான் கெளம்புனோம் அண்ணாச்சி" என்றார். சண்டை போடவில்லை. ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அதற்குப் பதிலாக, கடையில் நாலு பேர் கேட்க, "அடிமாலியில டீ குடிக்க இறங்கியிருப்பீங்க, அங்கதான் நேரம் போயிருக்கும்" என்றேன். அவர்கள் எங்கும் இறங்கவில்லை. அது எனக்கு அப்போதே தெரியும். அவர்களை அழைத்துப் போன ஜீப் டிரைவர் முன்னதாகவே சொல்லியிருந்தார். ஆனாலும் என் தொழில் பெயர் கெடக் கூடாது என்று பழியை அவர்கள் மேல் போட்டேன். எஸ்டேட்டில் இன்றும் அந்தப் பையனை "பிளைட்டை விட்டவன்" என்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன்.

தப்பாக நேரம் கணித்ததைவிட அந்தப் பொய்தான் பெரிய குற்றம்.

பையன் தாமதமாகக் கிளம்பவில்லை. எஸ்டேட்காரர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். டிக்கெட் பணம் முழுவதும் நான் அவர்களுக்குத் தர வேண்டிய கடன், இன்னும் தரவில்லை. இந்த மாதம் நானே லயத்துக்குப் போய்க் கொடுத்துவிட்டு, அக்கம்பக்கத்தார் முன்னால் மன்னிப்புக் கேட்கப் போகிறேன். மழைக்காலத்தில் மூணாறிலிருந்து காலை விமானத்துக்குப் போகிறவர்கள், என்னைப் போன்றவர்கள் எந்த நேரம் சொன்னாலும் கேட்க வேண்டாம், நள்ளிரவிலேயே புறப்பட்டுவிடுங்கள்.