தாயை விட்டுவிடு

தியானப் பகுதி: உபாகமம் 22:6-7



நாயும் பூனையும் வளர்ப்பதுபோல, டரான்டுலா எனப்படும் பெரிய சிலந்திகளை வீட்டில் வளர்ப்போர் உலகில் அநேகர் உண்டு. அவற்றிற்கு உயிருள்ள இரை வேண்டும். வீட்டில் பிடிபடும் கரப்பான் பூச்சியில் மருந்தின் நஞ்சு கலந்திருக்கக்கூடும். ஆகையால் தென் அமெரிக்காவைச் சேர்ந்த டூபியா என்னும் கரப்பான் இனத்தை இரைக்கென்றே பெருக்குகிறார்கள். கேட்பதற்கு அருவருப்பாகத் தோன்றலாம். ஆயினும் அதில் நமக்கு ஒரு பாடம் உண்டு.

பிளாஸ்டிக் பெட்டிக்குள் முட்டை அட்டைகளை அடுக்கி, இருளும் ஏறக்குறைய 30 டிகிரி வெப்பமும் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். கேரட், பழத்துண்டு, தானியத் தூள் ஆகியவை உணவு. தாய்ப்பூச்சி ஒரு முறைக்கு 20 முதல் 40 குஞ்சுகள் வரை ஈனும். அவை முதிர ஏறக்குறைய அரை ஆண்டு ஆகும். ஆகவே அனுபவமுள்ளவர் முதல் சில மாதங்கள் ஒன்றையும் எடுப்பதில்லை. பின்னரும் குஞ்சுகளையும் மிகுதியான ஆண்களையும் எடுப்பாரேயன்றி, ஈனும் தாய்களைத் தொடமாட்டார். அவசரப்பட்டுத் தாய்களை இரையாக்கினால் பெட்டி விரைவில் வெறுமையாகிவிடும்.

இந்த நியதியைக் கர்த்தர் இஸ்ரவேலருக்கு முன்னமே கற்பித்தார். குருவிக் கூட்டைக் காண்கிறவன் குஞ்சுகளை எடுத்துக்கொள்ளலாம்; தாயையோ போகவிட வேண்டும். அறுவடை செய்கிறவன் வயலின் ஓரத்தை அறுக்காமல் விட வேண்டும் என்றும் லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். எடுப்பதற்கு அனுமதி உண்டு. முழுவதையும் எடுப்பதற்கு அனுமதி இல்லை.

கடலை நம்பி வாழும் நமக்கு இது புதிதன்று. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நம் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. அந்நாட்களில் அடுப்பெரியக் கடன் வாங்கும் குடும்பங்களை நாம் அறிவோம். ஆயினும் மீன் இனம் பெருகுவதற்கு விட்டுவைக்கும் அந்த நாட்களே நம் பிள்ளைகளின் வலைக்கு மீனைச் சேர்க்கின்றன.

இதில் நம் தீவுக்குரிய வேறொரு பொறுப்பும் உண்டு. 2004-ஆம் ஆண்டில் இராமேஸ்வரத்தில் ஒரு டரான்டுலா இனம் அடையாளம் காணப்பட்டு, இங்குள்ள ஓர் அனுமார் கோயிலின் பெயரால் அறிவியல் பெயர் பெற்றது. நம் புளிய மரங்களிலும் தென்னைகளிலும் உள்ள பொந்துகளே அதன் வீடு. 2008-இல் அது மிகவும் அழிவுநிலையில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2019-இல் அச்சிலந்திப் பேரினம் முழுவதன் சர்வதேச வணிகமும் கட்டுப்படுத்தப்பட்டது.

வாலிபரே, இச்சிலந்திக்கு எவரேனும் உங்களிடம் விலை பேசினால் மறுத்துவிடுங்கள். பெட்டியில் வளரும் கரப்பானுக்குக்கூடத் தாயை விட்டுவைக்கும் ஒழுங்கு இருக்கிறது. மரப்பொந்திலுள்ள தாய்ச்சிலந்தியை எடுத்தால் அதை ஈடுசெய்ய நம் கையில் வேறு பெட்டி இல்லை. சங்கீதம் 104 பாடுகிறபடி, அதற்கும் ஏற்ற வேளையில் ஆகாரம் கொடுக்கிறவர் தேவன். வீடு கட்டப் பழைய புளிய மரத்தை வெட்ட நினைப்பவரும் ஒரு கணம் அதன் பொந்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வாரம் நம்மை நாமே ஆராய்வோம். வீட்டின் வருமானத்தில் நாளைக்கென்று எதை விட்டுவைக்கிறோம்? ஓயாது உழைக்கும் நம் வீட்டுத் தாய்க்கு இளைப்பாற ஒரு மணி நேரத்தையாவது விட்டுவைக்கிறோமா?

ஜெபம்: எங்கள் பரம பிதாவே, போதும் என்கிற மனதை எங்களுக்குத் தாரும். எங்களுக்குப் பின்வருவோருக்கும், நீர் உண்டாக்கிய சிறு ஜீவன்களுக்கும் உரியதை விட்டுவைக்கக் கிருபை செய்யும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.