அம்மா போட்ட பூட்டு

நவம்பர் 3, 2025, திங்கள், இரவு 8:30

நேற்றுதான் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்தோம். இனி மார்ச் வரை சான் ஹோசேக்கும் மதுரைக்கும் பதின்மூன்றரை மணி நேர வித்தியாசம். அங்கே செவ்வாய் காலை பத்து. வீட்டுக்குச் சொத்து வரி கட்ட வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ வங்கிக் கணக்கைத் திறக்க உட்கார்ந்தேன்.

சேமித்து வைத்த முகவரியைத் தட்டினால் வேறெங்கோ போகிறது; முடிவில் '.பேங்க்.இன்'. போலித் தளமோ? தேடிப் பார்த்தேன். அக்டோபர் 31க்குள் வங்கிகள் இந்த முகவரிக்கு மாற வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. வங்கிகளுக்கு மட்டுமே தரப்படும் வால் இது. நிம்மதி. பாஸ்வேர்டும் சரி. அடுத்து ஓடிபி.

ஓடிபி வரும் சிம், மதுரையில் சாமி அலமாரியில் இருக்கும் பட்டன் ஃபோனில். வாட்ஸ்அப்பில் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"ஓடிபி வந்திருக்கும், சொல்லும்மா."

பட்டென்று வைத்துவிட்டாள். அரை நிமிடத்தில் அவளே கூப்பிட்டாள். "குரலை மாத்திப் பேசுறானுங்கன்னு நீதானடா சொன்னே? அதான் நானே கூப்பிட்டுப் பாத்தேன்."

பிறகு கண்ணாடியைத் தேடினாள். ஓடிபி காலாவதி. அடுத்ததில் இரண்டு எண் இடம் மாறியது. மூன்றாவதும் தப்பாக, 24 மணி நேரப் பூட்டு.

நவம்பர் 4, செவ்வாய்

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. 'சந்தேகம் வந்தா வெச்சுட்டு, தெரிஞ்ச நம்பருக்கு நீயே கூப்பிடு' என்று போன லீவில் பாடம் எடுத்தவன் நான். தப்பு என் ஏற்பாட்டில். ஓடிபி பார்ப்பது கையில் அந்த ஃபோன் இருக்கிறதா என்பதை மட்டும்தான். வங்கியின் கணக்கில் நான் என்பது அம்மா.

பணப் பரிவர்த்தனைகளுக்கு எஸ்எம்எஸ் தவிர வேறு வழிகளையும் வங்கிகள் வைக்கலாம் என்கிற ரிசர்வ் வங்கி விதிகள் 2026 ஏப்ரல் 1 முதல் அமலாகின்றன. அதுவரை வரி காத்திருக்காது.

நவம்பர் 5, புதன், இரவு

இன்று ஏற்பாடு வேறு: முதலில் அம்மா கூப்பிட்டாள், கண்ணாடியோடு. அதன் பிறகே ஓடிபி கேட்கும் பட்டனைத் தட்டினேன். "நாலு... ஒம்பது... சைபர்..." ஒவ்வொன்றாக. திறந்தது. வரி கட்டியாயிற்று.

கையோடு அமெரிக்க எண்ணைப் பதியப் போனேன். எண்ணை மாற்ற, பழைய எண்ணுக்கு ஓடிபி வருமாம். அம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப வை. நான் கூப்பிடுறேன்."