மொட்டு விரியும்வரை

ஒத்தக்கடையைத் தாண்டி, யானைமலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கிறது அந்த மல்லிகை ஆலை. கேட்டிலேயே செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே டேங்க் டேங்காக ஹெக்சேன் என்ற கரைப்பான். ஒரு பொறி போதும்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் காலையில் தேங்கிப்போன மொட்டுகள் மதியத்துக்குள் மூட்டைகளாக வந்து இறங்குகின்றன. உடனே ஆலையை ஓட்ட மாட்டார்கள். மொட்டில் வாசம் கிடையாது. பறித்த பிறகும் மல்லி உயிரோடுதான் இருக்கிறது, இருட்டும்போது விரிந்து மணத்தைச் சுரக்கிறது. அதுவரை பெண்கள் தரையில் பரப்பிக் கிளறிவிட்டபடியே இருக்கிறார்கள். மூட்டையிலேயே கிடந்த ஒரு குவியலுக்குள் கையை விடச் சொன்னார் ஒரு அக்கா. வெதுவெதுவென்று இருந்தது. “குவிச்சுப் போட்டா பூவுக்குக் காய்ச்சல் வந்துரும் தம்பி. அப்புறம் வாசம் நாறிப்போகும்.”

முக்கால்வாசிப் பூ விரிந்துவிட்டதா என்று அவர்தான் பார்த்துச் சொல்கிறார். அதற்கு மீட்டர் எதுவும் இல்லை. சொன்ன பிறகு, துளை போட்ட தட்டுகளில் பூவை அடுக்கி எக்ஸ்ட்ராக்டரை மூடுகிறார்கள். மல்லியை ஆவியில் வடித்தால் சூட்டில் மணம் கெட்டுவிடும். ஹெக்சேன் சூடில்லாமலே மணத்தையும் பூவின் மெழுகையும் கரைத்து எடுத்துக்கொள்கிறது. சாதாரணமாக 69 டிகிரியில் கொதிக்கும் அது, வெற்றிடத்தில் இன்னும் குறைந்த சூட்டிலேயே பறந்துவிடும். அதைக் குளிர்வித்துப் பிடித்து அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்கிறார்கள். மிஞ்சுவது மஞ்சள் மெழுகு. பெயர் கான்கிரீட்! ஒரு கிலோவுக்குச் சுமார் 400 கிலோ பூ போகிறது. இந்தக் கான்கிரீட்டை ஆல்கஹாலில் கரைத்துக் குளிரவைத்து மெழுகை வடிகட்டி, ஆல்கஹாலையும் நீக்கினால், வாசனைத் திரவியக் கம்பெனிகள் வாங்கும் அப்சொல்யூட் கிடைக்கும்.

சக்கையில் ஒட்டிய ஹெக்சேனை மீட்க நீராவி வேண்டும், நீராவிக்கு பாய்லர். இந்தப் பக்கத்துப் போர்த் தண்ணீரை அப்படியே விட்டால் குழாய்க்குள் சுண்ணாம்பு படிந்துவிடும். அதனால் பாய்லருக்கு முன்னால் ஒரு சாஃப்ட்னர். உள்ளே கேழ்வரகைப் போன்ற பழுப்பு ரெசின் மணிகள். தண்ணீரிலுள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை விடுகின்றன. பாய்லர்காரத் தம்பி குப்பியில் தண்ணீர் பிடித்து மருந்து விட்டார்: சிவப்பு. “தீந்துருச்சு சார், உப்பு போடணும்.” உப்புக்கரைசலை ஓட்டி அலசிவிட்டு மறுபடி சோதித்தபோது நீலம்.

மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் ஆலைக்கு வருவது கூந்தலுக்குப் போனது போக மிச்சம்தான். முகூர்த்த நாளில் மூட்டை வராது. மார்கழி, தையில் கிலோ ஆயிரத்தைத் தாண்டும்போது யார் வாங்கி ஹெக்சேனில் போடுவார்கள்? ஆலை படுத்துவிடும். அக்காவுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் மல்லித் தோட்டம் இருக்கிறது. அப்படியானால் விலை ஏறினால் நல்லதுதானே என்றேன்.

“அப்பத்தான் செடியில பூவே இருக்காதே தம்பி” என்று சொல்லிவிட்டு, அடுத்த மூட்டையை அவிழ்க்கப் போனார்.