நகம் மாட்டினால் ஆழம்

காரின் கதவில் ஒரு கோடு விழுந்தால் சர்வீஸ் சென்டரில் கதவு முழுவதையும் ஒரு பேனல் என்று கணக்கிட்டு பில் போடுவார்கள். காப்பீட்டில் கேட்கலாம். கேட்டால் ‘நோ க்ளெய்ம் போனஸ்’ போய்விடும். முதல் ஆண்டு முடிவில் 20 சதவீதம், ஐந்து ஆண்டு ஒன்றும் கேட்காமல் இருந்தவருக்கு 50 சதவீதம் என்று ஏறிக்கொண்டே போகும் தள்ளுபடி அது. ஒரு கீறலுக்காக அதை விட மனமில்லாதவர்கள் பெயிண்டரை வீட்டுக்கே வரவழைக்கிறார்கள். கோயம்புத்தூரில் அப்படி வீடு வீடாகப் போகும் ஒருவரை நண்பர் எனக்கு அறிமுகம் செய்துவைத்தார். பெயர் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். சர்வீஸ் சென்டர்களும் அவரை அவ்வப்போது கூலிக்குக் கூப்பிடுகின்றன. தொழிலில் எல்லோருக்கும் அவர் ‘மாஸ்டர்’.

சிங்காநல்லூரில் ஒரு வீட்டு வாசல். கருநீல மெட்டாலிக் கார். பின்கதவில் முழ நீளத்துக்கு ஒரு கோடு, முன் பம்பரில் சுவரில் உரசிய தழும்பு. ஷாம்பு தண்ணீரில் கழுவித் துடைத்த பிறகு மாஸ்டர் குனிந்து, கோட்டுக்குக் குறுக்கே கட்டைவிரல் நகத்தை மெல்ல இழுத்தார்.

“நெகம் மாட்டுச்சுன்னா ஆழமுங்க சார். மாட்டலீன்னா மேலாக்கத்தான் இருக்குது.”

பிறகு அதன்மேல் தண்ணீர் ஊற்றினார். ஈரத்தில் கோடு பெரும்பாலும் மறைந்தது; கைப்பிடிக்குக் கீழே நாலு விரல் அளவு மட்டும் வெளுப்பாக நின்றது. மறைந்த இடத்தில் கீறல் மேல்பூச்சான கிளியரோடு நின்றுவிட்டது, மறையாத இடத்தில் நிறத்தைத் தாண்டிவிட்டது. நகமும் தண்ணீரும் சொன்ன இந்தத் தீர்ப்பை வைத்துத்தான் மீதி வேலை முழுவதும்.

காரின் தகட்டின்மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர். இத்தனையும் சேர்ந்து 100 முதல் 150 மைக்ரான். கிளியர் மட்டும் 40, 50 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன்கூட இல்லை. அந்தக் கனத்துக்குள்தான் மாஸ்டர் தேய்க்கிறார். கீறலை அவர் அழிப்பதில்லை. சுற்றியுள்ள கிளியரைக் கீறலின் அடிமட்டம் வரை இறக்குகிறார். கொஞ்சம் கூடினால் நிறம் கிழிந்துவிடும். பிறகு பேனல் முழுவதும் அடிக்க வேண்டியதுதான்.

கருவி, வாட்டர் பேப்பர். 2000ஆம் நம்பர் தாள் பக்கெட்டில் ஊறிக்கொண்டிருந்தது. ஒரு ரப்பர் கட்டையில் சுற்றி, சொட்டுச் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்தார். அவர் பார்வை கோட்டின்மேல் இல்லை, வழிந்த தண்ணீரின்மேல் இருந்தது. வெள்ளையாக வழிந்தால் கிளியர். நீலம் கலந்தால் கை அந்தக் கணமே நிற்க வேண்டும். கதவின் விளிம்பில் பூச்சு மெல்லிசு என்பதால் அங்கே கட்டையை ஓட்டவில்லை, விரலால் மட்டும் இரண்டு இழுப்பு. கண்ணைவிட விரல் நுனியை நம்புகிறார். நாற்பது வருடத் தேய்ப்பில் அந்த நுனிகளில் ரேகையே இல்லை. ரேஷன் கடைக் கருவி இவர் விரலை ஏற்பதில்லை. அரிசி வாங்க மனைவிதான் போகிறார்.

காம்பவுண்டு போட்டு பஃப் மெஷினில் மெருகேற்றினார். ஆழமான அந்த நாலு விரல் இடத்துக்கு மெல்லிய தூரிகையால் நிறத்தைத் தொட்டுத் தொட்டு, காயவிட்டு, மறுபடி தொட்டார். நிறம் கலப்பதைப் பற்றி நிறையச் சொன்னார். எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்: மெட்டாலிக் பெயிண்டில் உள்ள அலுமினியத் துகள் படுக்கும் விதம், ஸ்ப்ரே கன்னை எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறோம், காற்றழுத்தம் எவ்வளவு என்பதைப் பொறுத்து மாறும். ஒரே டின் பெயிண்ட் இரண்டு கையில் இரண்டு நிறமாகிவிடும்.

பற்பசை தேய்த்தால் போய்விடும் என்கிறார்களே என்று கேட்டேன். மெல்லிய கோடு மங்கும் என்றார். பற்பசையும் ஒரு தேய்ப்புப் பொருள்தானே. கடையில் விற்கும் டியூப்களில் பல, மெழுகால் பள்ளத்தை நிரப்புபவை. நாலு கழுவலில் கோடு திரும்பிவிடும். சிலிகோன் கலந்த பாலிஷ்தான் பெயிண்டருக்குப் பகை. பிறகு அதன்மேல் பெயிண்ட் அடித்தால் ஒட்டாமல் வட்டம் வட்டமாகக் குழி விழும்.

மாஸ்டருக்கு ஊர் கரூர் பக்கம். பதிமூன்று வயதில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் சேர்த்துவிட்டார்கள். முதல் மூன்று வருடம் பட்டி தேய்த்தது மட்டும்தான். “கன்னைத் தொட்டா மேஸ்திரி கையிலயே போடுவாருங்க.” அப்புறம் கோயம்புத்தூர் வந்து, அம்பாசிடருக்கு டூக்கோ பெயிண்ட் அடித்துத் தொழில் பழகினார். முதன்முதலாகத் தனியாக ஒரு கார் அடித்து முடித்த நாளைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அவர் பையில் இருந்த ஸ்ப்ரே கன்னுக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் டொலிடோ நகரில் ஆலன் டெவில்பிஸ் என்ற மருத்துவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நோயாளிகளின் தொண்டைக்கு மருந்து தெளிக்க ஒரு கருவி செய்தார். அவர் மகன் தாமஸ் அதிலிருந்துதான் பெயிண்ட் தெளிக்கும் கன்னை உருவாக்கினார். தொண்டையைக் குணமாக்கப் பிறந்த கருவியின் வழித்தோன்றல் இன்று பெயிண்டரின் நெஞ்சைக் கெடுக்கிறது.

காரணம், கிளியரைக் கெட்டியாக்கக் கலக்கும் ஹார்டனர். அதில் ஐசோசயனேட் இருக்கிறது. 1984இல் போபாலில் கசிந்ததும் அந்தக் குடும்பத்து வேதிப்பொருள்தான். ஹார்டனரில் இருப்பது அதுபோல எளிதில் ஆவியாகாத வகை. ஆனால் கன்னில் தெளிக்கும்போது பனிபோல மூச்சோடு உள்ளே போகிறது. ஒருமுறை உடம்புக்கு அது ஒவ்வாமையாகிவிட்டால், பிறகு துளி பட்டாலும் மூச்சு முட்டும். துணியும் சாதாரண மாஸ்க்கும் அதைத் தடுக்காது. ஐசோசயனேட் நச்சுப் பாதிப்பை 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்திருந்தது. ஆனால் பத்துப் பேருக்குக் குறைவான பட்டறை பொதுவாக அந்தச் சட்டத்துக்குள் வரவே இல்லை. நாலு பேர் வேலை செய்யும் ஷெட்டுக்கு யார் பொறுப்பு?

மாஸ்டருக்கு இரவில் இருமல். கூட வேலை பார்த்த ஒருவர் இழுப்பு தாங்காமல் தொழிலை விட்டு வாட்ச்மேன் வேலைக்குப் போய்விட்டார். பையில் மாஸ்க் இருக்கிறதா என்று கேட்டேன். கைக்குட்டையைக் காட்டினார்.

இனி பணம். பெயிண்ட் வேலைக்கு மொத்தமாக ஒரே தொகையில் பில் வந்தால், அதில் 25 சதவீதத்தை மட்டுமே பொருளின் விலையாகக் கொண்டு தேய்மானம் கழிக்க வேண்டும் என்பது மோட்டார் காப்பீட்டு விதி. அதாவது, பில்லில் முக்கால் பங்கு பொருளுக்கானது அல்ல என்று விதியே ஒப்புக்கொள்கிறது. அந்த முக்கால் பங்கில் தேய்த்த கைக்கு எவ்வளவு? சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது மாஸ்டருக்கு நாள் கூலிதான். அதுவும் நடுவில் இருக்கும் கான்ட்ராக்டர் கமிஷன் எடுத்தது போக. ஷெட்டும் கம்ப்ரசரும் வாடகையும் செலவுதான், மறுக்கவில்லை. ஆனால் காரைத் தொடாதவனுக்குப் பெரும்பங்கும், நுரையீரலைக் கொடுப்பவனுக்கு மிச்சமும் என்ற கணக்கை எந்தத் தொழில் தர்மமும் ஏற்காது. மாஸ்டரின் மகன் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. வர வேண்டாம் என்று தடுத்தவரே மாஸ்டர்தான்.

உங்கள் வீட்டுக்குப் பெயிண்டர் வந்தால், மூடிய கார் ஷெட்டுக்குள் அவரை கன் பிடிக்கச் சொல்லாதீர்கள். ஹார்டனர் கலந்து அடிக்கும் வேலை என்றால், காற்றுக் குழாயோடு கூடிய முகமூடி உள்ள இடத்தில் செய்யச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் கூடுதல் செலவைக் கொடுங்கள். நகம் மாட்டாத கீறலுக்குப் பேனல் முழுவதும் அடிக்கச் சொல்லாதீர்கள், தேய்த்தாலே போதும். கூலியை நேராக அவர் கையில் கொடுங்கள், பேரம் பேசாமல்.