நெய்வேலியின் மூத்த கட்டடம்

நெய்வேலி நகரியத்தின் பள்ளிகள், மருத்துவமனை, கடைவீதி என்று மக்கள் தினமும் புழங்கும் பொதுக் கட்டடங்களில் பெரும்பாலானவை 1956க்குப் பின் எழுந்தவை. அந்த ஆண்டு நவம்பர் 14இல்தான் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன், மக்கள் வாயில் என்.எல்.சி., நிறுவனமாகப் பதிவானது. ஆகவே ஊரின் மூத்த கட்டடம் எது என்று தேடப் புகுந்தால், சுரங்கம் வருவதற்கு முன் இங்கே என்ன நின்றது என்ற கேள்வி உடனே வந்துவிடுகிறது. கடலூரிலிருந்து இதைத் தேடி மேற்கே போகிறவர் முதலில் நிற்க வேண்டிய இடம் வடலூர்.

வள்ளலார் 1867 மே 23இல் அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் காக்கப்படுகிறது. அருகில், அவரே வகுத்த அமைப்பில் எண்கோணமாக எழுந்தது சத்திய ஞானசபை. 1872 தைப்பூசத்தன்று அதில் முதல் சோதி தரிசனம் நடந்தது. ஏழு திரைகள் ஒவ்வொன்றாக விலக, உள்ளே சோதி தெரியும். நிலம் பார்வதிபுரத்து மக்கள் கொடுத்தது. சாதியும் சமயமும் கேளாமல் பசித்தவருக்குச் சோறு போடவென்றே கட்டிய இடம் தருமச்சாலை. பொதுக் கட்டடம் என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை இந்த வட்டாரத்தில் நான் கண்டதில்லை. ஆனாலும் வடலூர் சுரங்க நகரம் அன்று, பக்கத்து ஊர்.

நகரியத்துக்குள்ளேயே சுரங்கத்துக்கு மூத்தது வில்லுடையான்பட்டு முருகன் கோயில். வேலுடையான்பட்டு என்றும் சொல்வார்கள். சுற்றிலும் வட்டம் வட்டமாகக் குடியிருப்புகள் எழுந்தபின்னும் பழைய சிற்றூரின் பெயரைக் கோயில் விடாமல் வைத்திருக்கிறது. வட்டங்கள் எனப்படும் அந்தக் குடியிருப்புப் பகுதிகளுக்கு எண் மட்டுமே உண்டு. முகவரி சொல்பவர் வட்டத்தின் எண்ணைச் சொல்வார். பங்குனி உத்திரத்துக்குப் புறப்படுபவர் ஊரின் பெயரைச் சொல்வார்.

சுரங்கத்தின் கதை ஒரு கிணற்றில் தொடங்குகிறது. 1930களின் நடுவில் நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் துளையிட்டபோது, பீறிட்ட ஊற்று நீரோடு கரிய துகள்களும் மேலே வந்தன. அவர் அதை அரசின் கவனத்துக்குக் கொண்டுபோனார். பிற்பாடு அறுநூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தையும் கொடுத்தார். 1940களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை துளையிட்டுப் பார்த்து, பழுப்பு நிலக்கரி பெருமளவில் இருப்பதை உறுதி செய்தது. ஆனால் கரியைக் காட்டிக்கொடுத்த அதே நீர்தான் அதை எடுக்கவும் தடையாக நின்றது. கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு அடைபட்டிருக்கும் ஊற்று, மேல்மண்ணை அகற்றினால் படுகையையே பெயர்த்துக்கொண்டு மேலே வந்துவிடும். சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு இரவும் பகலும் நீரை இறைத்து, அழுத்தத்தைத் தணித்த பிறகே வெட்ட முடியும். அந்த இறைப்பு இன்றும் நிற்கவில்லை.

காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1957 மே 20இல், பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் கரி கண்ணுக்குத் தெரிந்தது. மறு ஆண்டே சோவியத் ஒத்துழைப்போடு கட்டிய அனல் மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியது. வேலைக்கு வந்தவர்களுக்காக வீடும், அவர்கள் பிள்ளைகளுக்காகப் பள்ளியும் எழுந்தன. நகரியம் இப்படித்தான் வளர்ந்தது. நகரியத்திலுள்ள நடராசர் கோயில் பிற்காலத்தது. பத்தடி உயர ஐம்பொன் நடராசர் இருப்பதால் வெளியூரார் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். வயதில் அது வில்லுடையான்பட்டுக்கு இளையது.

தமிழர் உழைத்த இன்னொரு சுரங்க ஊரான கோலார் தங்கவயலோடு வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். அங்கே 1880இல் வந்த ஜான் டெய்லர் நிறுவனத்தின் காலத்தில் வெள்ளை அதிகாரிகளுக்குப் பங்களாக்களும் கிளப்பும் எழுந்தன. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தொழிலாளர்கள் லைன் வீடுகளில் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். 1902இல் சிவசமுத்திரத்து மின்சாரம் வந்தது சுரங்கத்துக்காக. 2001இல் சுரங்கம் மூடப்பட்டபின் மக்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். தங்கவயலில் குழி நிலத்துக்கு அடியில், மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை போனது. மேலே இருந்த கட்டடங்கள் தப்பின. நெய்வேலியில் வெட்டுவது திறந்தவெளிச் சுரங்கம். கரி இருக்கும் இடத்தில் ஊர் இருந்தால் ஊரை எடுத்துவிட்டுத்தான் கரியை எடுக்க முடியும். வயலும் வீடும் மட்டுமா போயின? அந்தச் சிற்றூர்களின் மாரியம்மன் கோயில், பள்ளிக்கூடம், சாவடி எல்லாம் மண்ணோடு வாரப்பட்டன. இந்த ஊரின் பொதுக் கட்டட வரலாற்றில் அவையும் சேரவேண்டியவை. எழுதப்படாதது பெரிய குறை.

நகரியத்தின் தொடக்க காலக் கட்டடங்களிலும் சில ஓய்ந்துவிட்டன. ஊருக்கே உயிர்கொடுத்த முதல் அனல் மின் நிலையம், 600 மெகாவாட் வரை வளர்ந்து, 2020இல் நிறுத்தப்பட்டது. அதற்கும் மூத்த வில்லுடையான்பட்டில் பங்குனி உத்திரத்தன்று, சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து காவடிகள் இன்றும் வந்து சேர்கின்றன.